சாக்குக்குள் எரியும் பச்சை

பாவாயி டீச்சர் இறந்துபோன செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல நாலைந்து பேர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே, டீச்சரின் எண்ணிலிருந்தே அவர் கணவர், "பாவாயி நேற்று சாயங்காலம் தவறிவிட்டார்" என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அது யாரென்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. நான் அப்போது மாவு மில்லில் டப்பாவை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒருவர் செத்துப்போன சேதி கேட்டால் முதலில் அழுகைதான் வரவேண்டும். எனக்கு முதலில் வந்தது, நாளைக்குக் காலையில் பைபாஸ் முக்கில் யார் நிற்பார்கள் என்ற கேள்வி. அப்படித் தோன்றியதற்காக என்மீதே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் டீச்சரை அறிந்தவர்களுக்கு இது புரியும். அன்று அவர்களில் பாதிப்பேருக்கும் இதே கேள்விதான் வந்திருக்கும்.

அவர் எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர். நான் அங்கே தமிழ் எடுக்கிறேன். சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் விளையாட்டு ஷூ, கழுத்தில் விசில், கேரியரில் வலைப்பந்து கட்டிய பழைய சைக்கிள், இதுதான் அவர். ஒல்லியான உடம்பு. அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் எங்கிருந்து வரும் என்று தலைமையாசிரியையே கேட்டிருக்கிறார். என்னைச் சீண்டுவதென்றால் அவருக்கு ஒரு டம்ளர் டீ குடித்த மாதிரி. ஓரெழுத்து ஒருமொழி பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், ஒத்த எழுத்துக்கு எதுக்குங்க ஒரு பாடம்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்துவிட்டது. ஆ, ஈ, பூ, வா என்று நான் எழுதிப்போட்டிருந்ததில் பிள்ளைகளின் கவனம் அன்றைக்கு அதோடு போயிற்று.

எங்கள் பள்ளி பைபாஸுக்கு இந்தப் பக்கம். பாதிப் பிள்ளைகளின் ஊர்கள் அந்தப் பக்கம். அரசு கொடுத்த சைக்கிளில் வருவார்கள். முட்டை லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர், பாடி கட்டுவதற்காக வெறும் சட்டத்தோடு வரும் லாரி சேசிஸ் என்று அந்த முக்கில் ஓயாத போக்குவரத்து. சிக்னல் இருந்தது. ஆனால் அது லாரிக்கும் காருக்கும் வைத்த சிக்னல். பச்சை விழுந்ததும் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும், அதற்குள் சைக்கிளும் கிளம்பும்.

நந்தினி என்ற பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, ஜூனில் பதினோராம் வகுப்புக்கு வரவில்லை. நானும் டீச்சரும் அவள் வீட்டுக்குப் போனோம். அப்பா மாதேஸ்வரன் லாரி டிரைவர். படிப்பு வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. எங்களுக்குச் சேர் எடுத்துப் போட்டு, காப்பி கொடுத்து, தன் பக்கத்தைப் பொறுமையாகச் சொன்னார். "நாந்தான் அந்த சீட்ல ஒக்காந்திருக்கறவனுங்க டீச்சர். இடது பக்கம் ஒட்டி சைக்கிள் நின்னா எங்களுக்குக் கண்ணுக்கே படாதுங்க. பச்சை உழுந்ததும் ஒடிச்சுத் திருப்பிருவோம். தெரிஞ்சுட்டே எம்புள்ளைய எப்புடி அனுப்பறது?" காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். நந்தினி அந்த வருடம் மில் பஸ்ஸில் ஏறி நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். மில் பஸ் வீட்டு வாசலிலேயே ஏற்றி இறக்கும்.

திரும்பி வரும்போது டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். சைக்கிளுக்கென்று தனியாக ஒரு விளக்கு இருந்தால் என்ன என்று கேட்டார். லாரிகளுக்குச் சிவப்பு இருக்கும்போதே சைக்கிள்களை முன்னால் விட்டுவிட்டால், லாரி கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் அக்கரை போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்படி வெளிநாட்டில் இருக்கிறதாம், கைப்பேசியில் பார்த்தாராம். நம்மூரில் மனுஷனுக்கே தனி விளக்கு கிடையாது, சைக்கிளுக்கு வைப்பார்களா என்று நான் அலுத்துக்கொண்டேன். என் நாக்கு அப்படித்தான்.

அவர் விடவில்லை. குறைதீர்க்கும் நாளுக்குப் போனார், மறுபடி போனார். கடைசியில் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளம் பொறியாளர் முக்குக்கு நேரில் வந்து பார்க்க ஒத்துக்கொண்டார். அன்று டீச்சர், மாதேஸ்வரனை லாரியோடு வரவழைத்திருந்தார். பொறியாளரை டிரைவர் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். பிறகு தன் சைக்கிளோடு லாரியின் இடது முன்பக்கம் போய் நின்றுகொண்டு, நான் எங்கே இருக்கிறேன் சொல்லுங்கள் என்று கத்தினார். அந்தத் தம்பி கண்ணாடியைப் பார்க்கிறார், எட்டிப் பார்க்கிறார், டீச்சரைக் காணோம். கீழே சைக்கிள் மணி மட்டும் கிணிகிணி என்று அடிக்கிறது. இறங்கி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. சின்ன வயதில் அவருடைய அக்காவும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனாராம். அந்தத் தம்பி மனசு வைத்ததால்தான் அந்த விளக்கு வந்தது. இதை நன்றியோடு சொல்கிறேன்.

சிவப்பில் ஒரு சைக்கிள் படம், பச்சையில் ஒரு சைக்கிள் படம். கம்பத்தில் அது முதன்முதலாக எரிந்த காலையில் பிள்ளைகளைவிட டீச்சர்தான் அதிகம் துள்ளினார். பிள்ளைகள் பழகட்டும் என்று கொஞ்ச நாள் காலையில் பள்ளியின் பக்கம் நின்றுகொண்டு, பச்சை விழுந்ததும் "வா சாமி, வா" என்று கையை வீசிக் கூப்பிடுவார். சாயங்காலம் வீடு திரும்பும் நேரத்தில் வேடிக்கை அதிகம். பிள்ளைகளுக்கு முன்னால் இவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தும் "வா" என்றுதான் கூப்பிடுவார். இங்கேயே நின்று போகச் சொன்னால் ஆகாதா, எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டேன். "நம்ம பக்கம் ஊட்டை உட்டுக் கெளம்பறப்பக்கூட வாரேன்னுதானுங்க சொல்றோம். புள்ளைங்களப் பாத்துப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க" என்றார். பச்சைக்குப் 'போ' என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது தப்பாம், நான்தான் எழுதித் திருத்தச் சொல்ல வேண்டுமாம்.

நந்தினி ஒரு வருடம் கழித்துப் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். மாதேஸ்வரனே வந்து சேர்த்துவிட்டுப் போனார். என் வகுப்பு. நன்றாகப் படித்தாள். இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம், நான் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதும் இருந்திருக்காது.

அந்த வகுப்பு முடிகிற சமயத்தில் தேர்தல் அறிவித்தார்கள். அறிவித்துவிட்டால் நம் நாட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிலைகளுக்குத் துணி சுற்றுவார்கள், சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள், சின்னம் என்று எது கண்ணில் பட்டாலும் மூடுவார்கள். சைக்கிள் ஒரு கட்சியின் சின்னம். எங்கள் பள்ளி வாக்குச்சாவடி என்பதால், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் இருந்த சைக்கிள் படத்தின்மேல் செய்தித்தாள் ஒட்டச் சொல்லி ஆள் வந்தார். பசை தடவி ஒட்டியவரே பாவாயி டீச்சர்தான். ஒட்டிவிட்டு, கீழே வரிசையாக நின்ற நிஜ சைக்கிள்களைக் காட்டி, இவற்றையும் மூட வேண்டுமா என்று பவ்யமாகக் கேட்டார். வந்தவர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை நினைத்து நாங்கள் வாரம் முழுவதும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் முக்கில் விளக்கையும் மூடிவிட்டார்கள். வெள்ளைக் கோழித்தீவனச் சாக்கு ஒன்றைக் கவிழ்த்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சைக்கிள் விளக்கு இருந்த பெட்டிக்கு மட்டும் சாக்கு. மற்ற விளக்குகள் எப்போதும்போல எரிந்தன. உள்ளே சைக்கிள் பச்சையும் தன் நேரத்துக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உற்றுப் பார்த்தால் சாக்கு லேசாகப் பச்சையாவது தெரியும். ஆனால் லாரிக்காரர்களுக்கு என்ன தெரியும்? நாலு பக்கமும் சிவப்பு, ரோட்டில் யாரும் இல்லை, விளக்கு கெட்டுப்போச்சு என்று நினைத்துச் சிவப்பிலேயே ஏற ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அந்தச் சில நொடிகள்தான் அந்த முக்கிலேயே ஆபத்தான நொடிகளாகிவிட்டன. இப்படி ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை. விளக்கே வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்கிற நிலைமை.

தேர்தல் முடிந்தது, எண்ணினார்கள், பதவி ஏற்றார்கள். சிலைகளின் துணி அவிழ்ந்தது. சாக்கு மட்டும் அவிழவில்லை. டீச்சர் அலைந்தார். சாலைக்காரர்களைக் கேட்டால், கட்டியது நாங்கள் இல்லை, போக்குவரத்து போலீஸைக் கேளுங்கள் என்றார்கள். போலீஸில், தேர்தல் பிரிவு சொல்லிக் கட்டியது, அவர்கள் சொன்னால் அவிழ்க்கலாம் என்றார்கள். தேர்தல் பிரிவு இருந்த அறைக்குப் போனால் அங்கே வேறு அலுவலகம் நடக்கிறது. தேர்தல்தான் முடிந்துவிட்டதே, அந்தப் பிரிவே இப்போது இல்லை என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாராம். மூடு என்று உத்தரவு இருந்தது, திற என்று எங்கேயும் இல்லை. நமக்கு உதவிய பொறியாளர் இதற்குள் மாற்றலாகித் தெற்கே போய்விட்டிருந்தார். போனில் பேசினார், வருத்தப்பட்டார், அவரால் வேறென்ன செய்ய முடியும்?

பள்ளி திறக்கச் சில நாட்கள் இருந்தபோது டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பள்ளி ஏணியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு முக்குக்கு வந்திருந்தார். ஏணியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் வேலை என்றார். சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். கயிற்றில் கை வைத்துவிட்டார். அப்போது ரோட்டைக் கடந்து ஒரு பெண் போலீஸ் ஓடிவந்தாள். கவிதா. டீச்சரின் பழைய கபடி அணியில் ஆடியவள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மிரட்டவில்லை. ஏணிக்குக் கீழே நின்று, கேமரா இருக்கிறது, இன்று இந்த முக்கில் டியூட்டி தன்னுடையது, தனக்குத்தான் மெமோ வரும், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்று சொன்னாள். "எறங்கிருங்க டீச்சர். உங்களக் கும்புட்டுக் கேக்கறேனுங்க."

டீச்சர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார். கவிதாவின் தோளில் தட்டிக்கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். ஏணியைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது என்னிடம் மட்டும், "ரெண்டும் எம்புள்ளைங்கதானுங்க டீச்சர். ஒண்ணுக்கு நல்லது பண்ணப் போயி இன்னொண்ணு சோத்துல மண்ணப் போடறதுங்களா?" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பள்ளி திறந்ததும் மாதேஸ்வரன் வந்து, புள்ளைய நிறுத்திக்கறனுங்க என்றார். பன்னிரண்டாம் வகுப்பு, இன்னும் ஒரே வருடம். டீச்சர் அவரிடம், விளக்கு இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்றார். காலையும் மாலையும் தானே நின்று லாரியை நிறுத்தி நந்தினியைக் கடக்க வைப்பதாகச் சொன்னார். மாதேஸ்வரன் யோசித்துவிட்டு, நீங்க நிக்கற வரைக்கும் அனுப்பறேன் என்றார். அந்த நிபந்தனை அப்போது எங்கள் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. டீச்சர்தான் இரும்பு மாதிரி ஆளாயிற்றே.

நின்றார். வெயிலிலும் நின்றார், ஐப்பசி மழையிலும் நின்றார். பள்ளியின் பக்கம் நின்று சாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். சாக்கு பச்சையானதும் நடுரோட்டுக்கு வந்து, இரண்டு கையையும் விரித்து நீளமாக ஒரு விசில். எவ்வளவு பெரிய வண்டியானாலும் நின்றுவிடும். பிறகு திரும்பி, "வா சாமி". லாரிக்காரர்கள் அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு பெற்றபின் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டபோது, முக்கில்தான் நிற்பேன், அங்கே யார் எனக்கு ஓய்வு கொடுப்பது என்றார்.

போன சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவர், தலை வலிக்கிறது என்று படுத்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மயானத்துக்குப் போகும் வண்டி அந்த முக்கு வழியாகத்தான் போக வேண்டும். சிவப்பு விழுந்து வண்டி நின்றது. பின்னால் நாங்கள் நடந்து வந்தோம், பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் சாக்கைப் பார்த்தேன். உள்ளே பச்சை எரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன்.

மாதேஸ்வரன் வந்திருந்தார். தோளில் துண்டு, பக்கத்தில் நந்தினி. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார். இந்த வாரக் கடைசியில் வடக்கே லோடு கிளம்புகிறது, திரும்ப நாளாகும் என்றார். "போறதுக்கு முந்தி, புள்ளைய நானே முக்குக்குக் கூட்டியாரனுங்க. அதுவரைக்கும் ஊட்டுலயே இருக்கட்டும். எங்கூருப் பக்கம் நிக்கறோம். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து நீங்க வான்னு சொன்னீங்கன்னா உடறேன். நீங்க சொல்லோணும்." நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் வேறு எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியையோடு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். டீச்சர் இறந்துவிட்டார், இப்போதாவது அந்தச் சாக்கை எடுங்கள் என்று கேட்டோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், டீச்சருக்காக வருத்தம் சொன்னார். பிறகு, உள்ளாட்சித் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எடுத்தால் மறுபடி கட்ட வேண்டியிருக்கும், அதுவரை இருக்கட்டுமே என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

டீச்சரின் கணவர் அவருடைய விசிலை என்னிடம் கொடுத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு தினமும் காலையில் நிற்கிறேன். ஊதுகிறேன். குக்கர் சத்தம் மாதிரி வருகிறது. பல பிள்ளைகள் என்னை எதிர்பார்ப்பதில்லை. கும்பலாகச் சேர்ந்து, சந்து கிடைத்ததும் ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மாதேஸ்வரன் வந்தார். சொன்னபடி அந்தப் பக்கம் நின்றார். நந்தினி சைக்கிளில் ஒரு கால் பெடலிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். நாலு பக்கமும் சிவப்பு விழுந்தது. சாக்கு பச்சையானது. கோட்டுக்குப் பின்னால் நின்ற டிப்பர் ஒன்று உறுமிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. நான் நடுரோட்டுக்குப் போய் டீச்சரைப்போலவே இரண்டு கையையும் விரித்து ஊதினேன். டிப்பர் நின்ற மாதிரி இருந்தது, மறுபடி நகர்ந்தது. மாதேஸ்வரனின் கண் அதன் சக்கரத்தில் இருந்தது. நந்தினி விளக்கையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிய எழுத்து. சொல்ல முடியவில்லை. நான் சொல்லி, அந்த டிப்பர் நிற்காமல் போனால்? டீச்சருக்கு மட்டும் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்குமா? அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

லாரிகளுக்குப் பச்சை விழுந்தது. டிப்பர் போயிற்று, பின்னால் எல்லாம் போயின. மாதேஸ்வரன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கோபமே இல்லாத கும்பிடு. பிறகு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். நந்தினி ஒரு தடவை திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. உதடு அசைந்ததிலிருந்து தெரிந்தது. வாரேனுங்க டீச்சர் என்றாள்.

பாவாயி டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கூப்பிட்ட அந்த ஒற்றை எழுத்து. தினமும் காலையில் அதோடுதான் முக்குக்குப் போகிறேன். வாய் வரைக்கும் வருகிறது.